றைன் நதியில் ஒரு பகல்

ஐரோப்பாவுக்குச் சென்று மீளும் நம்மவருள் பெரும்பாலோர் உறவினர் வீடுகளையும், கடைத்தெருக்களையும், பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரத்தையும் கண்டு திரும்புகின்றனர். ஓர் ஆற்றைப் பார்ப்பதற்கென்று ஒரு நாளை ஒதுக்குவோர் மிகச் சிலரே. ஆறு என்றால் தண்ணீர்தானே, அதற்கு ஏன் ஒரு நாள் என்று கேட்போரும் உளர். அவர்களுக்கு விடையாக, ஜேர்மனி நாட்டின் றைன் நதியிலே நாம் கழித்த ஒரு பகற்பொழுதை இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

றைன் நதி சுவிற்சர்லாந்தின் அல்ப்ஸ் மலைகளிலே பிறந்து, ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் எல்லையாக நின்று, ஜேர்மனியை ஊடறுத்து, ஒல்லாந்தின் தாழ்நிலங்கள் வழியாக வட கடலை அடைகின்றது. இதன் நீளம் சுமார் 1,230 கிலோ மீற்றர். நெடுங்காலமாகப் பல கலைக்களஞ்சியங்கள் இதனை 1,320 என்றே அச்சிட்டு வந்தன. இரண்டு இலக்கங்கள் இடம் மாறிய பிழை அது என்பதைக் கொலோன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஒருவர் 2010-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். புத்தகத்தில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு மாணவர்கள் இதனை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம்.

இந்நதியின் அழகிய பகுதி என்று போற்றப்படுவது, கொப்ளென்ஸ் நகருக்கும் பிங்கன், றூடெஸ்ஹைம் ஆகிய ஊர்களுக்கும் இடைப்பட்ட 65 கிலோ மீற்றர் நீளமான மலையிடுக்கு. அவ்விடுக்கிலே 40 அளவான கோட்டைகள் இருபுறத்துக் குன்றுகளிலும் நிற்கின்றன. 2002-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இப்பள்ளத்தாக்கினை உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதன் புகழ் பரவத் தொடங்கிவிட்டது. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1816-இலும், ஓவியர் டேர்னர் 1817-இலும் இவ்வழியே வந்து சென்றனர். 1827-இல் கொலோனுக்கும் மைன்ஸுக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், கவிஞரையும் ஓவியரையும் பின்பற்றிச் சாதாரண மக்களும் வந்தனர். பார்ப்பதற்காகவே பிரயாணம் செய்தல் என்னும் பழக்கம் ஐரோப்பாவில் வேரூன்றிய இடங்களுள் இதுவும் ஒன்று.

நாம் கொப்ளென்ஸ் நகரிலே காலை ஒன்பது மணிக்குக் கப்பலேறினோம். மோசல் ஆறு றைனோடு கலக்கும் இடம் அது. இலத்தீன் மொழியிலே சங்கமம் என்று பொருள்படும் சொல்லே மருவி ஊர்ப் பெயராயிற்று. சங்கமத்தின் முனையிலே குதிரைமீது வீற்றிருக்கும் சக்கரவர்த்தி முதலாம் வில்லியத்தின் பெருஞ்சிலை நிற்கின்றது. 1897-இல் எழுப்பப்பட்டு, 1945-இல் போரிலே சிதைந்து, 1993-இல் மீண்டும் ஏற்றப்பட்ட சிலை அது. எல்லோரும் அதனையே புகைப்படம் பிடித்தனர். அதே நகரிலே, அரசர் எவருக்கும் இல்லாத பெருமைக்குரிய ஓர் அலுவலகமும் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

நீரோட்டத்தோடு வரும் கப்பல்கள் இத்தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். எதிரேறிச் செல்வதற்கோ ஆறு மணி நேரம் வேண்டும். நாம் எதிரேறும் கப்பலையே தெரிந்தெடுத்தோம். கரையோரப் பாதையிலே துவிச்சக்கர வண்டியில் வந்த ஒரு பெண்மணி நம்மைச் சிரமமின்றி முந்திச் சென்றார். மேற்றட்டில் இருந்தோர் அவருக்குக் கையசைத்தனர். நதியின் பலத்தை அப்பொழுதுதான் நாம் சரியாக உணர்ந்தோம்.

மேற்றட்டிலே பல நாட்டவர் அமர்ந்திருந்தனர். ஒவ்வொரு கோட்டையின் பெயரையும் வழிகாட்டி நூலிலே தேடிப் பென்சிலால் அடையாளமிட்ட யப்பானியத் தம்பதிகள். உணவுப் பொதியை அவிழ்ப்பதிலேயே கவனமாயிருந்த ஒரு ஜேர்மன் குடும்பம். கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடியே முழுப் பள்ளத்தாக்கையும் அதன் சிறு கண்ணாடியினூடாகப் பார்த்த சில இளைஞர். தனியே ஒரு மூலையில் இருந்த ஒல்லாந்து நாட்டு முதியவர் ஒருவர். இவர்களிடையே, சேலைக்கு மேலே தடித்த கம்பளிச் சட்டை அணிந்து, பத்து வயதுப் பேத்தியின் கையைப் பிடித்தவாறு ஒரு மூதாட்டி இருந்தார். நம்மைக் கண்டதும் அவர் முதலிற் கேட்ட கேள்வி, “தம்பி, நீங்கள் எவடம்?” என்பது. யாழ்ப்பாணத்தவர் எங்கே சந்தித்தாலும் தப்பாத கேள்வி!

அவர் வடமேற்கு ஜேர்மனியிலே, ஹம் நகருக்கு அண்மையில் மகளோடு வாழ்பவர். பள்ளி விடுமுறையாதலால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்றி, பேத்திதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்பதே பொருத்தம். சீட்டு வாங்கியதும், மணி பார்த்ததும், அறிவிப்புகளைத் தமிழாக்கியதும் அச்சிறுமியே.

கப்பல் புறப்பட்டுச் சிறிது நேரத்தில் மேற்குக் கரையிலே மஞ்சள் நிறமான ஸ்டோல்சன்பெல்ஸ் மாளிகை தோன்றிற்று. 1689-இல் பிரெஞ்சுப் படைகள் அழித்த கோட்டையை, 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய இளவரசர் ஒருவர் தமது கோடை வாசத்துக்காக மீளக் கட்டினார். சற்று அப்பால், கிழக்குக் கரையிலே பிறவுபாக் ஊருக்கு மேலே மார்க்ஸ்பேர்க் கோட்டை நின்றது. இவ்விடுக்கிலுள்ள மலைக்கோட்டைகளுள் ஒருபோதும் அழிக்கப்படாதது இது ஒன்றே என்பர். ஏனையவற்றுட் பல இடிந்து கிடந்தவை. அல்லது இடிந்தபின் கற்பனையோடு புதுப்பிக்கப்பட்டவை.

“இவ்வளவு கோட்டையும் ஆரோடை சண்டை பிடிக்கக் கட்டினவங்கள்?” என்று மூதாட்டி கேட்டார். நல்ல கேள்வி. சண்டைக்காக மாத்திரம் அன்று. பெரும்பாலும் காசுக்காகவே கட்டினர். இரு கரையும் மலையாகையால் அக்காலத்து வண்டிப் பாதைகள் மிக இடர்ப்பாடானவை. பொருள்கள் யாவும் நதிவழியே செல்லவேண்டும். ஆகவே நதியைப் பார்த்தபடி ஒரு கோட்டையைக் கட்டி, கீழே ஒரு வாயிலையும் காவலரையும் வைத்துவிட்டால், போகும் ஒவ்வொரு படகையும் நிறுத்திச் சுங்கம் வசூலிக்கலாம். சக்கரவர்த்தியின் கை தளர்ந்த 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, உரிமை உள்ளவரும் இல்லாதவரும் இத்தொழிலைத் தொடங்கினர். ஒரு வணிகன் ஒரே சரக்குக்கு வழிநெடுக மீண்டும் மீண்டும் பணம் கட்டினான்.

சிறுமிக்குச் ‘சுங்கம்’ என்னும் சொல் விளங்கவில்லை. அம்மம்மா விளக்கினார்: “சந்தையிலை ஆயம் வாங்கிறது பிள்ளை. நாங்கள் ஒரு கடகம் கத்தரிக்காய் கொண்டு போனாலும் ஆயக்காரன் வந்து நிப்பான்.” பேத்தி உடனே அதனை ஜேர்மன் மொழியில் ஒல்லாந்து முதியவருக்குச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று முதல் அவரும் நம் கூட்டத்தில் ஒருவரானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே நதியிற் பாரப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வேலை செய்த காலத்தில் ஒரு கோட்டையையும் நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்றும், இப்பொழுதுதான் பார்க்க வந்திருப்பதாகவும் கூறினார்.

அவர் சொல்லியபின் நாமும் கோட்டைகளை விட்டு நதியைப் பார்க்கத் தொடங்கினோம். உல்லாசப் படகுகள் இங்கே விருந்தினரே. நதி உண்மையிற் பாரப்படகுகளுக்குரியது. நீண்டு தாழ்ந்த அப்படகுகள் மணலையும், நிலக்கரியையும், எண்ணெயையும், இரும்புப் பெட்டிகளையும் சுமந்து இடைவிடாது சென்றன. பின்புறத்திலே ஒரு சிறு வீடு, யன்னலிலே வெள்ளைத் திரைச்சீலை, வாயிலிலே பூச்சாடி, கூரையோரத்திலே ஒரு மோட்டார் வண்டி. கணவனும் மனைவியுமாக வீட்டோடு தொழில் செய்யும் குடும்பங்கள் அவை.

போப்பார்ட் நகரைத் தாண்டியபின் இடுக்கு ஒடுங்குகின்றது. சென்ற் கோவார் ஊருக்கு மேலே றைன்பெல்ஸ் கோட்டையின் பெரும் இடிபாடுகள் தெரிந்தன. 1245-இல் ஒரு பிரபு சுங்கம் வாங்குவதற்காகவே கட்டிய கோட்டை அது. அவன் வரியை உயர்த்தினான். றைன் கரை நகரங்கள் 1254-இல் ஒரு கூட்டணி அமைத்து, மறு ஆண்டில் கோட்டையை முற்றுகையிட்டன. ஓராண்டுக்கு மேலாக முற்றுகை நீடித்தும் கோட்டை வீழவில்லை. வணிகரும் நகரத்தாரும் தோற்றுத் திரும்பினர். ஆயினும், தனித்தனியே முறையிட்டுப் பயனில்லை, கூடி நின்றே நதியைத் திறக்கவேண்டும் என்ற எண்ணம் அன்றே பிறந்துவிட்டது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக.

அடுத்த வளைவிலே கப்பலின் ஒலிபெருக்கி ஒரு பாட்டை இசைத்தது. எல்லோரும் கிழக்குக் கரைப் பக்கம் ஓடினர். 132 மீற்றர் உயரமான லொறெலைப் பாறை நீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்றது. பாறையின் உச்சியிலிருந்து பொன்னிறக் கூந்தலை வாரியபடி ஒரு பெண் பாடுவாள். அப்பாட்டிலே மயங்கிய படகோட்டி பாறையில் மோதி மாள்வான் என்பது கதை. இதைப் பழைய நாட்டுக் கதை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், கிளெமென்ஸ் பிறென்ரானோ என்னும் கவிஞர் 1801-இல் வெளியிட்ட ஒரு பாடலே இப்பெண்ணுக்கு உருக்கொடுத்தது. 1824-இல் ஹைன்ரிக் ஹைனே எழுதிய கவிதையும், பின்னர் பிரீட்றிக் சில்கர் அதற்கு அமைத்த மெட்டும் அவளை உலகறியச் செய்தன. ஜேர்மன் குடும்பத்தாருள் முதியவர்கள் ஒலிபெருக்கியோடு சேர்ந்து மெல்லப் பாடினர். இளைஞருக்குச் சொற்கள் தெரியவில்லை.

கதை புதிதாயினும் ஆபத்துப் பழையது. இங்கே நதி ஒடுங்கி, ஆழ்ந்து, கூர்மையாக வளைகின்றது. எதிரே வரும் படகு வளைவுக்கு அப்பால் மறைந்திருக்கும். ஆகவே பழைய காலத்திற் கரையிலே காவலர் நின்று கொடி காட்டினர். இன்று ஒளிச் சமிக்ஞைகள் அப்பணியைச் செய்கின்றன. அவையெல்லாம் இருந்தும், 2011 ஜனவரியில் சுமார் 2,400 தொன் கந்தகவமிலத்தோடு வந்த ஒரு தாங்கிக் கப்பல் இப்பாறைக்கு அருகே கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வருள் இருவர் மீளவில்லை. ஒல்லாந்து முதியவர் பாட்டு முடியும்வரை தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அவர் பாறையைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்விடத்து மக்களின் குறை ஒன்றையும் கூறவேண்டும். கொப்ளென்ஸிலிருந்து மைன்ஸ் வரையில் நதிக்குக் குறுக்கே ஒரு பாலமும் இல்லை. அக்கரையிலுள்ள வைத்தியரிடம் செல்வதற்கும் பாதைப்படகுக்காகக் காத்து நிற்கவேண்டும். பாலம் வேண்டுமென்று உள்ளூரவர் நெடுநாளாகக் கேட்டு வருகின்றனர். பாலம் வந்தாற் காட்சி கெடும் என்று அஞ்சுவோர், டிறெஸ்டன் நகருக்கு நேர்ந்ததை நினைவூட்டுகின்றனர். எல்ப் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியதன் காரணமாக அந்நகரத்துப் பள்ளத்தாக்கு 2009-இல் உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மேலும், 1859-இல் மேற்குக் கரையிலும் 1862-இல் கிழக்குக் கரையிலும் அமைந்த புகையிரதப் பாதைகளிலே சரக்கு வண்டிகள் இரவிலும் ஓடுகின்றன; மலைகளுக்கிடையே அவ்வொலி எதிரொலித்துத் துயிலைக் கெடுக்கின்றது. செங்குத்தான சரிவுகளிலே கொடிமுந்திரிகை வளர்த்தவர்களுட் பலர், உழைப்புக்கேற்ற பலனின்மையால் தோட்டங்களைக் கைவிட்டுவிட்டனர். ஓபர்வேசலுக்கும் பக்கராக்குக்கும் இடையே, கல்லடுக்கிய படிவரிசைகளின்மேல் முட்புதர்கள் படர்ந்திருப்பதை நாம் கண்டோம். ஒரு நாள் பார்த்துச் செல்வோருக்கு அழகாக இருக்கும் இடம், அங்கேயே வாழ்வோருக்கு ஒரு பொருட்காட்சிச்சாலையாக மாறிவிடக்கூடாதன்றோ?

நண்பகல் கடந்து கௌப் என்னும் சிற்றூரை அணுகினோம். நதியின் நடுவே, ஒரு பாறைத் திட்டிலே, வெள்ளைச் சுவரும் கருங்கூரையுமாகப் பல்ஸ்கிறாவன்ஸ்டைன் கோட்டை கப்பலொன்று நங்கூரமிட்டாற்போல் நின்றது. நீரோட்டத்தை எதிர்நோக்கும் பக்கம் கூர்மையாகக் கட்டப்பட்டிருக்கின்றது. பனிக்கட்டிகள் மோதினும் பிளந்து விலகும். பவேரியாவின் லூட்விக் மன்னன் 1326-27-இல் இதன் நடுக்கோபுரத்தை எழுப்பினான். நதிக்குக் குறுக்கே சங்கிலி கட்டிப் படகுகளை மறித்தனர். கொடுக்க மறுத்தவர்களைச் சிறையிலிட்டனர். நூற்றாண்டுகள் மாறின, அரசுகள் மாறின; ஆயினும் 1860-களிலே பிரஷ்யா இவ்விடத்தைக் கைப்பற்றும் வரையில் இங்கே சுங்கம் வாங்குவது நிற்கவில்லை.

அச்சங்கிலி எவ்வாறு அறுந்தது? வாளினால் அன்று. நெப்போலியன் வீழ்ந்தபின் 1815-இல் வியன்னாவிற் கூடிய மகாநாட்டிலே, பல நாடுகளினூடாகப் பாயும் நதிகளிற் போக்குவரத்து எல்லோருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்று தீர்மானித்து, றைனுக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தனர். 1868-இல் மான்ஹைம் நகரிலே கைச்சாத்தான உடன்படிக்கை, நதியிற் செல்வதற்கென்று எவரும் வரி வாங்கலாகாது என்று விதித்தது. அவ்வாணைக்குழு இன்றும் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் இயங்குகின்றது. உலகிலுள்ள சர்வதேச நிறுவனங்களுள் மிகப் பழையது அதுவே என்பர். றைன்பெல்ஸ் கோட்டை வாயிலிலே தோற்றுத் திரும்பியவர்களின் விருப்பம் அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறிற்று.

இக்கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் நதி எல்லோருக்கும் பொதுவாகிய பின், அதனைக் காப்பது எவருடைய கடமையும் அல்லாததாயிற்று. கரையெங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. வாங்குவதற்குச் சுங்கக்காரன் இல்லாத நதியிலே கொட்டுவதற்கும் தடை இல்லை. மேல்நாட்டார் கழித்ததைக் கீழ்நாட்டார் குடித்தனர். பிரான்சின் அல்சாஸ் பகுதியிலிருந்த பொட்டாசுச் சுரங்கங்கள் விட்ட உப்பு, எத்தனையோ நூறு கிலோ மீற்றருக்கு அப்பால் ஒல்லாந்துத் தோட்டக்காரரின் பயிரை வாட்டிற்று. 1950-களின் முடிவிலே றைனில் சால்மன் மீன் இல்லாது ஒழிந்தது. ஐரோப்பாவின் சாக்கடை என்று இந்நதியை அழைத்தனர்.

1986 நவம்பர் முதலாம் திகதி, சுவிற்சர்லாந்திலே பாசல் நகருக்கு அருகே இரசாயனக் களஞ்சியமொன்று தீப்பற்றி எரிந்தது. தீயணைக்கப் பாய்ச்சிய நீர், பூச்சிகொல்லி மருந்துகளையும் சாயத்தையும் அள்ளிக்கொண்டு நதியிற் கலந்தது. நதி சிவந்தது. ஏறக்குறைய 400 கிலோ மீற்றர் தூரத்துக்கு, அதாவது நாம் சற்று முன் பாட்டுக் கேட்டுக் கடந்த லொறெலைப் பாறையளவும், விலாங்கு மீன்கள் மாண்டன. கீழுள்ள நகரங்கள் நதிநீர் எடுப்பதை நிறுத்தின.

அந்நாட்களைப் பற்றி முதியவரிடம் கேட்கும்படி சிறுமியை வேண்டினோம். அவர் மெதுவாகச் சொன்னார். அவள் அதைவிட மெதுவாகத் தமிழாக்கினாள். “இவர் சொல்லுறார், அப்ப இவற்றை மகன் சின்னப் பிள்ளையாம். படகிலைதான் இருந்தவனாம். செத்த மீனெல்லாம் படகிலை வந்து இடிச்சதாம். ஏனப்பா எல்லாம் நித்திரை கொள்ளுது எண்டு மகன் கேட்டவனாம். என்ன சொல்லிறதெண்டு தெரியேல்லையாம்.” சொல்லி முடித்ததும் அவள் அம்மம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவரும் ஒன்றும் பேசவில்லை.

கொப்ளென்ஸ் நகரில் ஓர் அலுவலகம் உண்டு என்று முன்னர் குறிப்பிட்டோம். றைன் நதியைப் பாதுகாப்பதற்கான சர்வதேச ஆணைக்குழுவின் செயலகம் அது. சுவிற்சர்லாந்து, பிரான்சு, லக்சம்பேர்க், ஜேர்மனி, ஒல்லாந்து ஆகிய நாடுகள் 1950-இல் அதனை அமைத்தன. போர் முடிந்து ஐந்தாண்டுகள்தாம் ஆகியிருந்தன. பகைத்து நின்றவர்களே ஒரு மேசையில் அமர்ந்தனர். முதல் முப்பது ஆண்டுகளும் அளந்தனர், பேசினர், எழுதினர், வேகம் போதவில்லை. 1986-இன் அதிர்ச்சியின் பின்னரே, மறு ஆண்டில், யாவரும் ஏற்ற ஒரு செயற்றிட்டம் உருவாயிற்று. கழிவைக் குறைப்பதற்கான பல விதிகளோடு, எவருக்கும் விளங்கக்கூடிய ஓர் இலக்கையும் வைத்தனர்: 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் றைனுக்குத் திரும்பவேண்டும்.

இவ்விலக்கின் நுட்பத்தை மாணவர்கள் கவனிக்கவேண்டும். இரசாயன அளவுகளைப் பற்றி வல்லுநர் வாதிடலாம்; மீன் வந்ததா, வரவில்லையா என்பதில் வாதமில்லை. சால்மன், கடலிலே வளர்ந்து, முட்டையிடுவதற்கு ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறிவருவது. அது வரவேண்டுமாயின் நீர் தூய்மையாக வேண்டும். அணைகளிலே மீன் ஏறுவதற்குப் படிவழிகள் வேண்டும். முட்டையிடும் சிற்றாறுகளிற் சரளைக் கற்கள் வேண்டும். ஒரு நாடு தவறினாலும் மீன் வராது. 1990-இல், றைனின் கிளையாகிய சீக் ஆற்றிலே சால்மன் மீண்டும் காணப்பட்டது. இப்பேர்செய்ம் அணையில் 2000-இலும் கம்ப்செய்ம் அணையில் 2006-இலும் மீன்வழிகள் திறக்கப்பட்டன. ஆயினும் 2020-க்குள் மீன் தானாகப் பாசல் வரையில் ஏறும் என்ற அடுத்த இலக்கு நிறைவேறவில்லை. மேலே இன்னும் அணைகள் மறித்து நிற்கின்றன. இன்று சுமார் மூன்று கோடி மக்களின் குடிநீர் இந்நதியைச் சார்ந்திருக்கின்றது.

புதியதொரு கவலையும் தோன்றியிருக்கின்றது. கௌப் ஊரிலுள்ள நீர்மானி, இவ்விடுக்கிலே படகுகள் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது. 2018 ஒக்ரோபரில் அது 25 சென்ரி மீற்றர் அளவுக்கு இறங்கியது. நதியின் முழு ஆழம் அதுவென்று கொள்ளலாகாது. மானியின் பூச்சியம் நதியின் அடித்தளத்துக்கு மேலே உள்ளது. எனினும், படகுகள் சுமையிற் பெரும்பகுதியை இறக்கிவிட்டே செல்லவேண்டியதாயிற்று. தொழிற்சாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. சில இடங்களில் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. 2022 ஆகஸ்டிலும் நீர் மிகத் தாழ்ந்தது. சுங்கக்காரன் சங்கிலி கட்டி நிறுத்திய இடத்திலேயே இன்று வறட்சி படகுகளை நிறுத்துகின்றது.

மூதாட்டி நெடுநேரம் நீரைப் பார்த்திருந்துவிட்டு, “இவ்வளவு தண்ணியிருந்தும் ஒருத்தரும் குளிக்கினமில்லையே தம்பி?” என்றார். கப்பல்களும் நீரோட்டமும் காரணமாக இங்கே இறங்குவது உயிராபத்து என்றும், கோடைதோறும் றைனில் இறங்கிய சிலர் மாண்டுபோகின்றனர் என்றும் சொன்னோம். “எங்கடை காமாட்சி அம்மன் கோவிலிலை தேருக்கு அடுத்த நாள் தீர்த்தம். அது வாய்க்கால்தானே, பயமில்லை” என்றார் அவர். ஹம் நகரிலுள்ள அவ்வாலயம் 2002-இல் எழுந்தது. ஆண்டுத் திருவிழாவின்போது தீர்த்தமாடுவது டற்றல்ன்–ஹம் கால்வாயிலேயே. அக்கால்வாய்க்கு நீரூட்டுவது லிப்பே ஆறு. லிப்பே கலப்பது றைனில். சிறுமி இதனைக் கேட்டதும், “அப்ப அம்மாளாச்சி குளிச்ச தண்ணியும் இந்த ஆத்திலை வருமோ?” என்றாள். இவ்விடத்துக்கு வராது, கீழே வேசல் என்னும் இடத்திற் கலந்து ஒல்லாந்துக்குப் போகும் என்றோம். அவள் அதை முதியவருக்குத் தெரிவித்தாள். தமது வீட்டுக் குழாயிலே வரட்டும் என்று அவர் கைகூப்பினார்!

நம் யாழ்ப்பாணத்துக்கு இத்தகைய நதி இல்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு ஒன்றுண்டு. மற்றப்படி சுண்ணக்கல்லின் கீழே தேங்கியிருக்கும் நீரையே கிணறுகளால் எடுத்து வாழ்கின்றோம். வேலி நிலத்துக்கு மேலேதான் இருக்கின்றது. நிலத்தின் கீழ் அயலவன் கிணற்றுக்கும் நம் கிணற்றுக்கும் இடையே வேலி இல்லை. ஒருவர் அளவின்றி இடும் உரமும், ஒருவர் ஊற்றும் கழிவெண்ணெயும் ஊர் முழுவதற்கும் போகும். றைன் கரையிலே ஐந்து நாடுகள் பேசித் தீர்த்த வழக்கை, நாம் ஐந்து வளவுகளுக்கிடையே பேசித் தீர்க்கவேண்டியிருக்கின்றது.

பிற்பகலில், பிங்கன் நகருக்கு அணித்தாக, நதித் திட்டொன்றிலே எலிக் கோபுரம் தோன்றிற்று. பஞ்ச காலத்திலே தானியத்தைப் பூட்டி வைத்து, பசியென்று வந்த ஏழைகளைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்த மைன்ஸ் நகரத்து மேற்றிராணியார் ஹற்றோ, எலிகளுக்கு அஞ்சி இக்கோபுரத்தில் ஒளித்தார் என்றும், எலிகள் நீந்திச் சென்று அவரைத் தின்றன என்றும் கதை. இதுவும் ஒரு சுங்கக் கோபுரமே. ஜேர்மன் மொழியிலே சுங்கத்தைக் குறிக்கும் ஒரு சொல், எலியைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பதாற் கதை பிறந்தது என்று சிலர் கூறுவர். சரித்திரம் எவ்வாறாயினும், சுங்கக் கோபுரத்தைப் பற்றி மக்கள் எத்தகைய கதையைச் சொல்லிக்கொள்ள விரும்பினர் என்பது தெளிவு.

மூதாட்டி அக்கதையைப் பேத்திக்குத் தம் முறையிலே சொல்லத் தொடங்கினார். அவர் கதையிலே மேற்றிராணியார் ஒரு கொடிய முதலாளியாகவும், எலிகள் பிள்ளையார் அனுப்பிய படையாகவும் மாறின. கப்பல் றூடெஸ்ஹைம் துறையை அடைந்தபோதும் கதை முடியவில்லை. கயிறு கட்டினர், பலகை போட்டனர், யப்பானியத் தம்பதிகள் கடைசிக் கோட்டையின் பெயருக்கு அடையாளமிட்டு நூலை மூடினர். ஒல்லாந்து முதியவர் மாத்திரம் இருக்கையை விட்டு எழாமல், சொல் ஒன்றும் விளங்காத அக்கதை முடியும்வரை காத்திருந்தார்.